கூரைக்கும் குழாய்க்கும் நடுவே

ஜனவரி 12

அண்ணா,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ உடனே பிரித்திருக்க மாட்டாய். மேசை மேல் போட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருப்பாய். அண்ணி ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் பிரித்திருப்பாய். போனில் கூப்பிடத்தான் நினைத்தேன். ஆனால் போனில் நாம் பேச ஆரம்பித்தால் நலம் விசாரிப்பதற்குள் குரல் ஏறிவிடுகிறது, யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் அதற்குள் படித்துத் தொலைத்திருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கார் தயாராகிவிட்டது. பழைய கார் உருண்டு என் தோள் எலும்பு உடைந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் நீ என் வீட்டுக்காரரைப் பேசியதை நான் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை. அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றாரே, அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் காரைக் கட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். கார் உருண்டால் கூரை நசுங்கி எங்கள் தலையில் இறங்காமல் இருக்க, உள்ளே இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து ஒரு கூண்டு போடுவார்கள் இல்லையா? பழைய காரில் இருந்தது வாங்கிப் போட்ட கூண்டு. இதில் ஒவ்வொரு குழாயும் அவர் கையால் வளைத்தது.

மார்ச் கடைசி ஞாயிறு மலைப்பாதையில் போட்டி. வழக்கம்போல் அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளைப் படித்துச் சொல்வேன். அதற்கு முன்னால் அவருக்கு ஒன்று கொடுக்க ஆசை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ரேஸ் கார்கள் செய்வாயே, அப்படி இந்தக் காரைச் செய்து கொடு, கூண்டோடு. உன் கைவேலை என்று தெரிந்தால் இரண்டு பேரும் பேச ஆரம்பிப்பீர்கள் என்று ஒரு கணக்கு. லஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி

*

ஜனவரி 20

வாயாடிக்கு,

அண்ணி அதட்டவில்லை. நானேதான் பிரித்தேன். பிரித்திருக்கவே வேண்டாம் என்று பிறகு நினைத்தேன்.

நீ மறுபடியும் அந்த சீட்டில் உட்காரப் போகிறாய் என்று படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. பொய்ப்பல் செய்கிற எங்கள் லேபில் ஒரு கிழவருக்கான முன் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்க வேண்டியதற்கு மேல் தேய்த்து, அது வீணாகி, வேறு செய்ய வேண்டியதாயிற்று. நீ உட்காராதே என்று சொன்னால் கேட்க மாட்டாய். சின்ன வயதில் மதில் மேல் நடக்காதே என்றால் ஓடுவாய். அதனால் சொல்லவில்லை.

கார் செய்கிறேன். மாப்பிள்ளைக்காக இல்லை, உன் லஞ்சத்துக்காகவும் இல்லை. உன் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். செய்து பார்த்தால்தான் எனக்கு எதுவும் மண்டையில் ஏறும்.

மாடல் பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் கூண்டு உதவாது, அது எல்லாக் காருக்கும் பொதுவாகச் செய்தது, துணி காயப்போடுகிற கொடிக்கம்பி மாதிரி. பித்தளைக் கம்பியை நானே வளைத்துச் செய்வேன். படங்கள் அனுப்பு. குழாயும் குழாயும் சேருகிற மூட்டு ஒவ்வொன்றையும், கால்கள் தரையில் ஊன்றுகிற இடங்களையும் கிட்டப் போய் எடு. அழகாக எடுக்காதே, தெளிவாக எடு.

அண்ணன்

*

பிப்ரவரி 2

பூதக்கண்ணாடி அண்ணா,

உத்தரவுப்படி படங்கள் இத்துடன் இருக்கின்றன. அவர் டயர் வாங்கப் போயிருந்தபோது எடுத்தேன். சீட்டுக்கு அடியில், பின்னால், முன்னால் என்று ஊர்ந்து ஊர்ந்து எடுத்ததில் தலைமுடியெல்லாம் இரும்புத் தூள். கூண்டு முழுக்கச் சாம்பல் நிறப் பெயின்ட். பார்க்கவே பளிச்சென்று இருக்கிறது. போட்டிப் பரிசோதகர் வந்து குழாய்களைத் தட்டிப் பார்த்து, அளந்து, சரி என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். ஆகவே நீ பயப்பட ஒன்றுமில்லை.

அவர்தான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறார். சாப்பிடும்போது பாதியில் எழுந்து பட்டறைக்குப் போய் காரைப் பார்த்துவிட்டு வருகிறார். என்ன என்று கேட்டால், சும்மா பார்த்தேன் என்கிறார். புதுக் கார் மயக்கம் என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

தங்கச்சி

*

பிப்ரவரி 13

வாயாடி,

கூண்டு முடிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

எப்படிச் செய்தேன் என்று சொன்னால்தான் உனக்குப் புரியும். மரப்பலகையில் ஆணி அடித்து அச்சு செய்து, கம்பியை அதில் வளைத்து, காருக்கு வெளியே வைத்தே கட்டினேன். பல்லுக்குக் கம்பி கட்டுகிற அதே குறடுதான். வெளியே இருந்ததால் ஒவ்வொரு மூட்டையும் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்க முடிந்தது. மாடலில் உடல் தனி, தரை தனி. கூண்டைக் கீழிருந்து தள்ளினால் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தது. குழாய்க்கும் கூரைக்கும் நடுவே ஒரு காகிதம்தான் நுழையும். கச்சிதமாக வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷம் உறைத்தது. உங்கள் காரில் தரை கழன்று வராது.

அப்படியென்றால் மாப்பிள்ளை குழாய்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் அங்கேயேதான் பற்றவைத்திருக்க வேண்டும். கூரையை ஒட்டி நிற்கிற மூட்டில் கீழ்ப் பாதிக்கு வெல்டிங் முனை போகும். மேல் பாதிக்கு எப்படிப் போகும்? விரல்கூட நுழையாதே.

இதற்கு ஒரு வழி உண்டு. கூண்டின் கால் ஊன்றும் இடத்தில் தரையை வெட்டி, அந்த ஓட்டை வழியாகக் கூண்டைக் கீழே இறக்குவார்கள். மேலே இடம் கிடைக்கும், முழுக்கப் பற்றவைப்பார்கள். பிறகு தூக்கி நிறுத்தி ஓட்டையைத் தகடு வைத்து மூடுவார்கள். மாப்பிள்ளை அப்படிச் செய்தாரா? ஒரு வார்த்தை கேட்டுச் சொல். சண்டைக்காகக் கேட்கவில்லை.

அண்ணன்

*

பிப்ரவரி 21

அண்ணா,

கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "மாடல்ல அதெல்லாம் வெளியில தெரியவே தெரியாதே, உங்கண்ணனுக்கு எதுக்கு அது?" என்றார். பரிசாக ரகசியமாய்க் கொடுக்க நினைத்தது உன்னால் வெளியே வந்துவிட்டது, சந்தோஷமா? பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது உண்மைதான். உன் பேரைக் கேட்டாலே மாறும், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. உனக்கு அவர் செய்கிற எதுவும் பிடிக்காது. குழாயில் குறை கண்டுபிடிக்க முடியாமல் குழாய்க்கு மேலே போய்த் தேடுகிறாய்.

காரைச் செய்து அனுப்பு. போதும்.

தங்கச்சி

*

பிப்ரவரி 28

தங்கச்சி,

இதை எழுதலாமா வேண்டாமா என்று அண்ணியிடம் கேட்டேன். எழுதாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் முகத்தை நீங்களே கண்ணாடியில் பார்க்க மாட்டீர்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய படங்களில் தரைப் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு சதுரத் தகடுகள் தெரிகின்றன. ஓரமெல்லாம் புது வெல்டிங், மேலே பெயின்ட். அதாவது தரையை வெட்டியிருக்கிறார், கூண்டை இறக்கியிருக்கிறார், மூடியிருக்கிறார். எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் தகடுகள் ஒரு பக்கம்தான் இருக்கின்றன. வலப் பக்கம். உங்கள் காரில் ஸ்டியரிங் இருக்கிற பக்கம்.

இடப் பக்கத் தரை வெட்டவே படவில்லை. உன் பக்கம், தங்கச்சி. உன் தலைக்கு மேல் இருக்கிற மூட்டுகளில் கீழே பாதிதான் வெல்டிங். மேலே வெறும் பெயின்ட். கார் உருண்டால் அந்தக் குழாய் பிளந்துகொண்டு வரும்.

உன் புருஷன் தன் தலைக்கு மேல் முழுக்கப் பற்றவைத்துக்கொண்டு, உன் தலைக்கு மேல் பூசி மெழுகியிருக்கிறார். அது தெரிந்தே உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மலையேறப் போகிறார். இதைக் கொலை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏறாதே. காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், ஏறாதே.

அண்ணன்

*

மார்ச் 6

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் வந்த கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். ஆனால் இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நேற்று ஒத்திகை ஓட்டம் போனோம். மண் பாதை. பழைய காரில் போகும்போது வளைவுகள் எழுதிய தாளில்தான் என் கவனம் இருக்கும், வேறு எதுவும் காதில் விழாது. நேற்று ஒவ்வொரு குழியிலும் தலைக்கு மேல் டிக், டிக் என்று கேட்டது. உண்மையில் கேட்டதா, நீ எழுதியது கேட்டதா, தெரியவில்லை. ஒரு வளைவில் வரியைத் தவறவிட்டேன். வலது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாயே திறக்கவில்லை. அவர் எப்படியோ பிடித்துத் திருப்பினார். நிறுத்திவிட்டு, "எங்க இருக்கே நீ?" என்று கத்தினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் ஒரு தடவை மேலே பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

அவர் மேலே பார்த்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ சொல்வது பொய். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறாயா? பார்க்க மாட்டேன். பார்த்து, நீ சொன்னபடியே இருந்துவிட்டால், நான் அப்புறம் எந்த வீட்டுக்குப் போய் யாருக்குச் சமைப்பேன்? யார் பக்கத்தில் படுப்பேன்?

தங்கச்சி

*

மார்ச் 10

தங்கச்சி,

கோபத்தில் கொட்டிவிட்டேன். ஆனால் பயம் போகவில்லை.

இத்துடன் ஒரு சிறு பொட்டலம். பிரித்தால் ஒரு பல் கண்ணாடி இருக்கும். நீளக் காம்பு, நுனியில் பொத்தான் அளவு வட்டக் கண்ணாடி. கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் பார்ப்பதற்கு. மாடலில் இருக்கிற இடைவெளியைக் காரின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டேன், உங்கள் காரில் கட்டாயம் நுழையும். குழாய் கூரையை ஒட்டி வளைகிற இடத்தில் ஓரமாகச் செருகி, டார்ச் அடி. வெல்டிங் இருந்தால் புழு ஊர்ந்த மாதிரி மேடாகத் தெரியும். இல்லாவிட்டால் வழவழவென்று ஒரு கோடுதான் இருக்கும்.

உனக்குப் பயமாக இருக்கும், தெரியும். எனக்கு உன்னைவிட அதிகம். இங்கே போன் மணி அடித்தாலே அண்ணியை எடுக்கச் சொல்கிறேன். நான் சொன்னது பொய்யாக இருந்தால் அவர் காலில் விழ வேண்டியது என் பாடு. நீ பார்த்துவிடு.

அண்ணன்

*

மார்ச் 15

அண்ணா,

பார்த்துவிட்டேன்.

அவர் பெட்ரோல் வாங்கப் போயிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதலில் என் பக்கம் போனேன். கண்ணாடி கூரையில் தட்டிக்கொண்டே இருந்தது. முன் மூட்டு, பின் மூட்டு, குறுக்குக் குழாய் சேருகிற இடம், எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் புழு மாதிரி மேடு, சுற்றி வர. ஒரு ஊசி முனை அளவுகூட விட்டுப்போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன்னைத் திட்டித் தீர்த்தேன். இங்கிருந்து உன் வீட்டுக்கே கேட்டிருக்கும்.

பிறகு, வந்தது வந்தோம் என்று அவர் பக்கமும் பார்த்தேன்.

வழவழவென்று இருக்கிறது, அண்ணா. எல்லா மூட்டிலும் கீழே அத்தனை அழகான வெல்டிங், மேலே ஒரு கோடு. கண்ணாடிக் காம்பின் நுனியால் சுரண்டினேன். பெயின்ட் உரிந்தது. உள்ளே குழாயின் வெட்டு வாய் பற்றவைக்காமல் அப்படியே தெரிந்தது.

நீ எப்படி இடம் மாறிப் படித்தாய் என்று அப்புறம்தான் விளங்கியது. அந்தத் தரைப் படத்தை நான் காருக்குள்ளிருந்து எடுக்கவில்லை. கார் பட்டறை லிஃப்டில் உயரே நின்றபோது அடியில் மல்லாந்து படுத்து எடுத்தேன். கீழிருந்து பார்த்தால் இடது வலது மாறிவிடும் இல்லையா? நானும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

அவர் எனக்கு முழுக்கச் செய்துவிட்டுத் தனக்குச் செய்யாமல் விட்டிருக்கிறார். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா? இத்தனை நாளும் சாப்பாட்டை விட்டு எழுந்து எழுந்து எதைப் பார்க்கப் போனார் என்று இப்போது தெரிகிறது. அவரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், இந்தப் போட்டி முடியட்டும் என்பார். உன் பக்கம் சரியாகத்தானே இருக்கிறது, உனக்கென்ன என்பார். எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். என்ன செய்ய?

தங்கச்சி

*

மார்ச் 18

தங்கச்சி,

மாடலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறவன் நான். கவிழ்த்தால் பக்கம் மாறும் என்பது எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரைப் பற்றி அப்படித்தான் இருக்கும் என்று முதலிலேயே முடிவுகட்டியிருந்தேன், படமும் அதற்கு ஒத்துப்போனது. கொலை என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அதற்கு நேரமில்லை.

உன் பக்கம் சரியாக இருக்கிறது என்பதை நம்பாதே. அப்படி ஒன்று கிடையாது. கூண்டு என்பது மொத்தமும் ஒன்றுதான். நேற்று என் மாடல் கூண்டில் வலப் பக்கத்து மூட்டுகளில் மேல் பாதியை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அந்தப் பக்கம் முதலில் பிளந்தது. பிளந்ததும் குறுக்குக் குழாய் நல்ல பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மடங்கியது. அவர் போனால் நீயும் போவாய். நீ பிழைத்தாலும் அவர் உன் பக்கத்திலேயே நசுங்குவார். இதைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லாதே, வீம்புக்காகவே ஓட்டுவார்.

நான் வரட்டுமா? வந்தால் கெடுத்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. அந்த ஞாயிறு நெருங்குகிறது. ஏதாவது செய். என்ன வேண்டுமானாலும் செய்.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அண்ணா,

உயிரோடு இருக்கிறோம். இரண்டு பேரும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மற்றதைப் படிக்க மாட்டாய்.

போட்டிக்கு முந்தைய நாள் காலை. காரை லாரியில் ஏற்ற வேண்டும். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் டயர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு, அவர் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டேன்.

முதலில் சிரித்தார். என்ன புதுக் கூத்து இது, இறங்கு, நேரமாச்சு என்றார்.

"இந்தத் தடவை நான் ஓட்டறேன். நீங்க என் சீட்ல உக்காந்து படிங்க," என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அங்க உக்காராதே."

"ஏன், சீட்டு நல்லாத்தானே இருக்கு?"

"சொன்னாக் கேளு. வேற எங்க வேணாலும் உக்காரு. அங்க வேணாம்."

"நீங்க உக்காரலாம், நான் உக்காரக் கூடாதா?"

ஓடாத கார், அண்ணா. பட்டறைக்குள் நிற்கிற கார், இன்ஜின்கூடப் போடவில்லை. அதில் நான் அந்த இடத்தில் உட்கார்ந்ததற்கே டயரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, இறங்கு இறங்கு என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். நான் பல் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முதலில் என் பக்கம் இறக்கிப் பற்றவைத்தாராம். அவர் பக்கம் செய்வதற்குள் பரிசோதகர் சொன்ன நாளுக்கு முன்பாகவே வருவதாகச் சொல்லி அனுப்பினாராம். அவர் வருவதற்குள் அவசர அவசரமாகக் கீழ்ப் பாதியைப் பற்றவைத்துப் பெயின்ட் அடித்துவிட்டாராம். ஸ்டிக்கர் ஒட்டியான பிறகு அதைத் திரும்ப அறுக்கக் கை வரவில்லையாம். ஒரு போட்டிதானே, முடிந்ததும் அறுத்துவிடலாம், நம் தலைதானே என்று நினைத்தாராம். "உன் பக்கம் மட்டும் பாக்கி வச்சிருந்தா உன்னை ஏத்தியிருக்கவே மாட்டேன்," என்றார். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அறையலாம் போல் வந்தது. என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது? நீ சொன்னதைச் சொன்னேன். ஒரு பக்கம் பிளந்தால் குறுக்குக் குழாய் மறுபக்கத்தையும் இழுத்துக்கொண்டு மடங்கும் என்று. நான் பெல்ட்டைக் கழற்றவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. லாரிக்காரர் வெளியே இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

அவராகவே எழுந்து போய் லாரிக்காரரைத் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்து அறுக்கும் மெஷினை எடுத்தபோதுதான் நான் இறங்கினேன். அவர் பக்கத்துக் குழாய்களை எல்லாம் அறுத்து, தரையை வெட்டி, முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். போட்டி போயிற்று. இந்தப் பருவமே போனாலும் போகட்டும்.

உன் கடிதங்களை அவர் படித்துவிட்டார். நான்தான் கொடுத்தேன். கொலை என்று எழுதியதையும் சேர்த்துத்தான். நீ கோபப்படுவாய், பரவாயில்லை. அந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். நான் பயந்துகொண்டு நின்றேன். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "எழுதினது எழுதினதுதான். ஆனா அவரைத் தவிர வேற யாருமே மேல் பக்கத்தைப் பாக்கலையே," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் உன்னை வரச் சொல்லலாமா என்று கேட்டார். இரண்டு பக்கமும் நீயே கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டுமாம். என்னிடம் கேட்டுவிட்டு, நீ வர மாட்டாய் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

எனக்கு இன்னும் பயம் விடவில்லை, அண்ணா. குழாயைத் தட்டும் சத்தம் கேட்டாலே திடுக்கிடுகிறது. நீ வந்து பார்த்துச் சரி என்று சொல்கிற வரைக்கும் நான் அந்தக் காரில் ஏற மாட்டேன், அவரையும் ஏற விட மாட்டேன். அவர் பெயின்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

தங்கச்சி